விடுபட்ட கட்டத்தின் வரலாறு

கிருலப்பனையில் நாம் குடியிருக்கும் அறைக்கு மாலை வேளைகளில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் தமிழ் படிக்க வருவதுண்டு. ஹைலெவல் வீதியின் வாகன இரைச்சலுக்கு மேலாகக் குரலெழுப்பித்தான் பாடஞ் சொல்லவேண்டும். அண்மையில் ஒரு நாள் அவர்கள் இலக்கண நூலை மூடி வைத்துவிட்டு, தகவல் தொடர்பாடல் தொழினுட்ப வினாத்தாள் ஒன்றினை நம்முன் விரித்தனர். தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தைத் தரவுத்தளத்தில் எவ்வகைத் தரவாக அமைத்தல் தகும் என்பது வினா. "இலக்கம் என்றால் எண்தானே சேர்? எண் வகை என்று எழுதினேன், பிழை போட்டுவிட்டார்கள்" என்று குறைப்பட்டாள் ஒரு மாணவி.

நாம் தமிழ் கற்றவர். கணினியை அறிந்துகொண்டது பிற்காலத்தில், தேவை கருதி. ஆயினும் அவ்வினாவிலே நமக்குப் பழகிய பொருளொன்று ஒளிந்திருக்கக் கண்டோம். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே பொருள்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்துவிடுகிறார். ஒரு பெயர் எத்திணையது என்பது தீர்ந்த பின்னரே அது எவ்வினையை ஏற்கும் என்பது தீரும். 'மாடு வந்தான்' எனின் அது திணை வழு. தரவு வகை எனப்படுவதும் இத்தகைய பாகுபாடேயாகும். எண்ணைக் கூட்டலாம், பெருக்கலாம். திகதிகளில் எது முந்தியது என ஒப்பிடலாம். எழுத்துச்சரத்தை ஒட்டலாம், வெட்டலாம். ஒன்றற்குரிய வினையை மற்றொன்றின்மேல் ஏற்றினால் வழு.

தரவுத்தளம் என்றவுடன் மலைத்தல் வேண்டா. பள்ளிக்கூடத்து வரவு இடாப்பை நினைத்துக்கொண்டாற் போதும். ஒரு நிரைக்கு ஒரு மாணவர். ஒரு நிரலுக்கு ஒரு செய்தி. இத்தகைய இடாப்புகள் பலவற்றை, அவற்றிற் பொதுவாயுள்ள சுட்டிலக்கத்தின் துணைகொண்டு இணைத்து வைத்தால் அதுவே தொடர்புநிலைத் தரவுத்தளம். ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வகை முன்கூட்டியே விதிக்கப்பட்டிருக்கும்.

அடையாள அட்டை இலக்கத்துக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தல் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்டுவந்த அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதலிரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பின்னர் வரிசை எண். கடைசி இலக்கம் பிழை காண்பதற்கான சரிபார்ப்பு எண். பெப்ரவரிக்கு எப்பொழுதும் 29 நாள் என்று கொள்வதனால் மார்ச்சு முதலாந் திகதி எவ்வாண்டிலும் 61ஆம் நாளே. பெண்ணாயின் நாட்கணக்குடன் 500 கூட்டப்படும். ஆகவே 1985 மார்ச்சு 1இல் பிறந்த ஆண்மகன் 85061 எனத் தொடங்க, அதே நாளிற் பிறந்த பெண்மகள் 85561 எனத் தொடங்குவாள். ஆண் இயல்பென்றும் பெண் அதனோடு கூட்டிக்கொள்ளப்பட்ட ஒன்றென்றும் எந்தக் கந்தோரில் எவர் முடிவு செய்தாரோ! இறுதி எழுத்து 'வி' ஆயின் வாக்குரிமை உடையவர், 'எக்ஸ்' ஆயின் இல்லாதவர் என்பது வழங்கிவரும் விளக்கம்.

இவ்விலக்கத்தை எவரேனும் கூட்டுவரோ? இரண்டு பேருடைய அட்டை இலக்கங்களின் சராசரிக்குப் பொருளேதும் உண்டோ? இல்லை. கூட்டுதற்குப் பொருளில்லாதது எண் அன்று, எண்ணுருவில் எழுதப்பட்ட பெயரே. இதுவே மாணவிக்கு நாம் கூறிய முதற் காரணம். மற்றவை நடைமுறைக் காரணங்கள். எண்ணாக வைத்தால் முன்னிற்கும் பூச்சியம் உதிர்ந்துபோம். 011 எனத் தொடங்கும் கொழும்புத் தொலைபேசி இலக்கம் 11 ஆகிவிடும். 2016 முதல் வழங்கப்படும் புதிய அட்டை இலக்கம் பன்னிரண்டு தானங்கொண்டது; சாதாரண முழுவெண் வகையோ 214 கோடியே சொச்சத்துக்கு மேல் கொள்ளாது. அன்றியும், ஈரிலக்க ஆண்டு நூற்றாண்டைச் சொல்லாது. 2000த்தின் பின் பிறந்தோர் அட்டைக்கு வரும் காலத்தில் அதனை நான்கிலக்கமாக்க வேண்டியதாயிற்று.

ஆனால் இவற்றினும் ஆழமான குறையொன்று உண்டு. ஒருவரைச் சுட்டும் இலக்கம், தரவுத்தள வழக்கில் முதன்மைச் சாவி, அவரைப்பற்றி மாறக்கூடிய எதனையும் தன்னுள் வைத்திருத்தல் ஆகாது. வாக்குரிமை மாறக்கூடியது. அதனை இலக்கத்தின் வாலிலே கட்டிவைத்தவர்கள், ஓர் அரசாங்கம் ஒரு காலத்திற் கருதியதை மனிதனுடைய பெயராகவே ஆக்கிவிட்டனர்.

மனிதரை இவ்வாறு இலக்கமிடும் வழக்கம் நம் நாட்டில் அடையாள அட்டையோடு தோன்றியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கட்டிக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கழுத்திலே தகரச் சீட்டு ஒன்று தொங்கவிடப்பட்டது. அதிலே அவர் போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கமும் அவருடைய தொடர் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டு நிரல்கள் சேர்ந்து ஒருவரைச் சுட்டும் கூட்டுச் சாவி பற்றி இன்றைய பாடநூல் கூறுகின்றதன்றோ? அதனைக் கழுத்திற் சுமந்தே ஒரு தலைமுறை தலைமன்னாரிலிருந்து மலையேறிற்று. தோட்டத்தில் செக்ரோல் புத்தகம் காத்திருந்தது. கங்காணியின் கடன் கணக்கும் காத்திருந்தது. இடாப்பு எழுதுவோருக்கும் இடாப்பில் எழுதப்படுவோருக்கும் இடையேயுள்ள உறவு, உடைமையாளருக்கும் உழைப்பவருக்கும் இடையேயுள்ள உறவே என்பதனை அத்தகரத் துண்டு தெளிவாகக் காட்டும்.

அரசாங்கத்தின் இடாப்புக்கும் இது பொருந்தும். 1871இல் இலங்கையின் முதலாவது நவீன குடிசன மதிப்பு எடுக்கப்பட்டது. 'இனம்' என்னும் நிரலில் அப்பொழுது இருபத்துநான்கு வகைகள் இருந்தன. 'நாட்டினம்' என்பதிலோ எழுபத்தெட்டு. பத்தாண்டு கழித்து, 1881இல், இனங்கள் ஏழாகச் சுருங்கின: ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், வேடர், ஏனையோர். அப்பத்தாண்டில் பதினேழு இனங்கள் தீவைவிட்டுப் போய்விடவில்லை. மாறியது நிரலின் வகையே. 1911ஆம் ஆண்டு மதிப்பில் தமிழர் என்ற ஒரு கட்டம் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டாயிற்று. எண்ணும் வசதிக்காக ஆங்கிலேய அதிகாரி பிரித்த கோடு நாற்பது ஆண்டுகளுக்குள் சட்டத்தின் கோடாக முதிர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

இனிப் பொறியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐக்கிய அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக்காக ஹேர்மன் ஹொலரித் என்பார் ஓர் உபாயங் கண்டார். ஆளுக்கொரு அட்டை, செய்திக்கொரு துளை. துளையுள்ள இடத்தில் மின்சாரம் பாயும், எண்ணி நகரும். அவர் நிறுவிய தொழில் பின்னர் ஐ.பி.எம். என்னும் பெருங் கம்பனியாக வளர்ந்தது. அதன் ஜெர்மன் கிளையின் இயந்திரங்கள் நாஸி ஆட்சியின் குடிசன மதிப்புகளுக்கு உழைத்த வரலாற்றை உலகம் மறக்கவில்லை. அக்கம்பனியிலேயே பணிபுரிந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்கார் கொட் 1970இல் வெளியிட்ட கட்டுரைதான் தொடர்புநிலைத் தரவுத்தளத்துக்கு அடிக்கல். (மெக்கார்த்தியின் கம்யூனிஸ்டு வேட்டையைச் சகியாது 1953இல் அமெரிக்காவைவிட்டுக் கனடா சென்று சில ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர் என்பதை நம் வாசகர் அறிந்திருத்தல் நன்று.) தரவு எங்கே எவ்விதம் அடுக்கப்பட்டிருக்கின்றது என்பதை வினவுபவர் அறிய வேண்டியதில்லை, எது வேண்டும் என்பதை மட்டும் கூறினாற் போதும் என்பது கொட் கண்ட நெறி. 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் அந்நெறிக்கு ஒரு வினவல் மொழி வகுத்தனர். எஸ்.கியூ.எல். என இன்று மாணவர் படிப்பது அதனையே.

வினவலின் அமைப்பு எளிது: இன்ன நிரல்களைத் தா, இன்ன அட்டவணையிலிருந்து தா, இன்ன நிபந்தனைக்கு உட்பட்ட நிரைகளை மட்டும் தா. எளிமையே இதன் வலிமை. ஆபத்தும் அதுவே. ஒரு நோக்கத்துக்குத் தொகுத்த அட்டவணையை எந்நோக்கத்துக்கும் வினவலாம். 1983 ஜூலையில் இக்கொழும்பு நகரம் அதனைக் கண்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிற பகுதிகளிலும் தமிழர் வீடுகளைத் தேடி வந்த காடையர் கூட்டங்களிற் சிலர் வாக்காளர் இடாப்பைக் கையிற் கொண்டுவந்தனர். வாக்காளர் இடாப்பிலே இனம் என்றொரு நிரல் கிடையாது. பெயரும் வீட்டிலக்கமும் போதுமாயிருந்தன. பெயர் வெறும் எழுத்துச்சரம் என்று பாடநூல் கூறும். படித்தவன் கண்ணுக்கு அவ்வெழுத்துச்சரமே இனம். கணினி ஏதுமின்றி, காகிதத்தில், ஒவ்வொரு தெருவாக நடத்தப்பட்ட வினவல் அது. அன்று எரிந்த வீடுகளின் இலக்கங்களை இந்நகரத்து மூத்தோர் இன்றும் சொல்வர்.

தமிழ்ப் பெயருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. சிறிது விலகி அதனையும் சொல்லிவிடுகிறோம். மாணவர் அடிக்கடி கேட்பது: "தமிழில் எழுதிச் சேமித்தால் ஏன் சேர் வரிசையாகக் கேள்விக்குறி வருகிறது?" நிரலை வகுத்தவர் ஆங்கில எழுத்தை மட்டும் மனங்கொண்டு வகுத்தால் தமிழெழுத்து அதனுள் நுழையமாட்டாது, அதன் இடத்திற் கேள்விக்குறி நிற்கும். யுனிக்கோடு வகையாக வகுத்தாலும் அளவிற் கவனம் வேண்டும். சிவசுப்பிரமணியம் என்பதில் நம் கணக்குக்குப் பத்தெழுத்து. கணினிக்கோ, உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலால் அது பதினாறு. பெரிதும் வழங்கும் குறிமுறையில் குறியொன்றுக்கு மூன்று பைட்டாக நாற்பத்தெட்டுப் பைட்டு. முப்பது பைட்டு ஒதுக்கிய நிரலில் சிவசுப்பிரமணியம் 'சிவசுப்பிர' என்று தலையோடு நின்றுவிடுவார். நம் மாணவரொருவரின் பெயர் ஓர் அலுவலகத்துச் சான்றிதழில் இவ்வாறு அரைகுறையாக வந்து, அதனைத் திருத்த அவருடைய தந்தையார் மூன்று நாட் சம்பளத்தை இழந்ததை நாம் அறிவோம்.

இப்பொழுது வினாத்தாளின் மிகக் கடினமான பகுதிக்கு வந்தோம். கட்டத்திலே எதுவும் எழுதப்படாதிருந்தால் அதன் பொருள் யாது? கணினியாளர் இதனை 'நல்' என்பர். தமிழில் எழுதுங்கால் அது நல்லது என்று பொருள்படுவது விந்தையே. அதனால் விளைந்த நன்மை குறைவு. நல் என்பது பூச்சியமன்று; வெற்றுச் சரமுமன்று. தவணைப் பரீட்சையில் பூச்சியம் பெற்ற மாணவனும் பரீட்சைக்கே வராத மாணவனும் ஒருவரல்லர் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். நாற்பது பேர் வகுப்பில் நால்வர் வரவில்லை. எழுதிய முப்பத்தாறு பேரின் மொத்தப் புள்ளி 1800 என்று கொள்வோம். வராதோர் கட்டம் வெறுமையாயின் கணினி தரும் சராசரி 50. அக்கட்டங்களிற் பூச்சியத்தை இட்டுவிட்டால் 45. வகுப்பு ஒன்றுதான்.

நல் ஒன்றினோடு எதை ஒப்பிட்டாலும் விடை உண்மையுமன்று, பொய்யுமன்று; 'அறியப்படாதது' என்னும் மூன்றாம் நிலை. வினவலோ உண்மை என நிறுவப்பட்ட நிரைகளை மட்டுமே தரும். இதனால்தான் மாணவர் திகைக்கின்றனர். "ஊர் கொழும்பு என இருப்போரைத் தா" என்றால் ஊர் எழுதப்படாதவர் வருவதில்லை. சரி, "ஊர் கொழும்பு அல்லாதோரைத் தா" என்றாலும் அவர் வருவதில்லை! இரண்டு பட்டியலையும் கூட்டினால் மொத்தம் குறைகிறது. அட்டவணையில் இருக்கின்றார், எப்பட்டியலிலும் இல்லை.

இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது நம் நினைவு 1948க்குச் சென்றது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிவழிப் பிரசையாவதற்கு விதித்த நிபந்தனையைப் பாருங்கள். தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இருவருமே இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். 'அல்லது', 'மற்றும்' என்னும் இணைப்புகளோடு கூடிய முறையான வினவல் அது. சொல்லளவில் எவ்வினத்தையும் அது குறிப்பிடவில்லை. ஆனால் லயத்திலே பிறந்து, பதிவாளரை அறியாது, தகரச் சீட்டோடு வந்த பாட்டனின் பிறப்பு எங்கும் எழுதப்படாத குடும்பத்துக்கு அந்நிரல்கள் வெறுமையாக இருந்தன. அவர்கள் நிபந்தனையை மீறியவர்களல்லர், நிறுவ இயலாதவர்கள். அறியப்படாததைச் சட்டம் பொய்யின் பக்கத்திற் சேர்த்தது. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன; ஏற்கப்பட்டோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. இந்தியாவும் தன் பட்டியலில் அவர்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. இலங்கையரைத் தா என்றாலும் வரமாட்டார். இந்தியரைத் தா என்றாலும் வரமாட்டார். நாடற்றோர் என்று தமிழில் ஒரு சொல் பிறந்தது இவர்களாலேதான்.

இதனை எழுதுவினைஞரின் கவனக்குறைவு என்று கருதுவோர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலை நினைத்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் அத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கும் இடதுசாரிகளுக்கும் துணைநின்றன. ஆளும் வர்க்கத்துக்கு அச்சம் பிறந்தது. வினவலின் நிபந்தனை அவ்வச்சத்தினின்றும் எழுதப்பட்டது. தமிழ்த் தலைவர் அனைவரும் ஒருமித்து எதிர்த்தனர் என்று சொல்லி நாம் பெருமைப்படுதற்கும் இல்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்ப்பதற்கு. பத்தாண்டு கழித்து அவ்வெச்சமும் சரிபாதியாகப் பகிரப்பட்டது. கப்பல்கள் ஓடின. 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேலிருந்த 'இந்தியத் தமிழர்' 1981இல் ஐந்தரையாகக் குறைந்தனர். எல்லோரும் போய்விட்டதனாலன்று, அக்கட்டத்தின் பெயருக்கு அஞ்சி 'இலங்கைத் தமிழர்' எனத் தம்மைப் பதிவித்துக்கொண்டோரும் அக்குறைவிலுள்ளனர்.

"அப்படியானால் கணினி மொழியே அநீதியானதா சேர்?" என்று மாணவரொருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதே எஸ்.கியூ.எல். மொழியில் இன்னொரு விதி இருக்கின்றது. நிரலுக்குக் காவலாக ஒரு நிபந்தனையை அமைத்து, அதனை மீறும் நிரையை உள்ளே விடாதே என்று கட்டளையிடலாம். அங்கே விடை அறியப்படாததாயின் நிரை அனுமதிக்கப்படும்! பொய் என்று நிறுவப்பட்டாலன்றித் தடையில்லை. ஒரே மொழி, ஒரே வெறுமை. வாயிலில் நிற்கும்போது ஐயத்தின் பயன் வருபவனுக்கு, பட்டியல் எடுக்கும்போது அஃது அவனுக்கு எதிராக. அறியப்படாதவரை எப்பக்கம் சேர்ப்பது என்பதைப் பொறி தீர்மானிப்பதில்லை. விதி வகுப்போர் தீர்மானிக்கின்றனர்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவ்விதியை மாற்றிற்று. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகள் என்றது. பாட்டனின் பிறப்புச் சான்றைக் கேட்கவில்லை. இங்கே வாழ்ந்ததையே கேட்டது. ஆயினும் 'நிரந்தரமாக வதிந்த' என்ற சொல்லிலே, போருக்கஞ்சித் தமிழ்நாட்டு முகாம்களுக்கு ஓடியோர் மறுபடியும் விடுபட்டனர். அவர்களையும் உள்ளடக்க 2009இல் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து எழுதப்பட்ட வினவலும் முதன்முறையே சரியாக அமையவில்லை.

மாணவிக்கு விடை எழுதிக் கொடுத்தோம்: அடையாள அட்டை இலக்கம், பன்னிரண்டு தானங்கொண்ட எழுத்துச்சரம். அவள் அதனை எழுதிக்கொண்டு அடுத்த வினாவைப் படித்தாள். மாணவர் அட்டவணையில் எந்தெந்த நிரல்கள் வெறுமையாக இருத்தலை அனுமதிப்பீர், காரணங் கூறுக என்றிருந்தது. அதற்கு ஆறு புள்ளி. அன்று மாலை தமிழ்ப் பாடம் நடைபெறவில்லை.